வீட்டு கராஜில் பிறக்கும் விமானங்கள்... உயிரைக் காக்கும் ஒரு நோட்டுப்புத்தகம்!

அமெரிக்காவில் சிலருடைய சொந்த விமானத்தில் ஏறினால், சீட் பெல்ட்டைத் தேடுவதற்கு முன்பே ஒரு ஸ்டிக்கர் கண்ணில் படும். 'பயணியின் கவனத்துக்கு: இது தனிநபர் ஒருவர் தன் கையால் கட்டிய விமானம். வழக்கமான விமானங்களுக்கான அரசின் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பக் கட்டப்பட்டது அல்ல' என்பதுதான் அதன் சாரம். விமானத்தின் உடம்பில் 'எக்ஸ்பெரிமென்டல்', அதாவது 'பரிசோதனை விமானம்' என்ற வார்த்தையும் பெரிய எழுத்தில் இருக்கும்.

படித்ததும் இறங்கி ஓடத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். அந்த ஸ்டிக்கரை ஒட்டச் சொல்வதே அரசுதான். ஒட்டாவிட்டால் பறக்க அனுமதி கிடையாது.

சரி, பெரிய கம்பெனி முத்திரை இல்லை, தொழிற்சாலையின் தரச் சான்றிதழ் இல்லை. பிறகு எதை நம்பி இந்த விமானத்தில் மனைவி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் பறக்கிறார்கள்? அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, கட்டியவரின் கைத்திறமை. மீதிப் பாதி, ஒரு நோட்டுப்புத்தகம். அந்த நோட்டுப்புத்தகத்தின் கதைதான் இது.

வீட்டில் விமானமா... நிஜமாகவா?

நிஜம்தான். யோசித்துப் பார்த்தால் உலகின் முதல் விமானமே கைவேலைதான். டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் கட்டியது அது. அவர்கள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக், 1903-ல் சுமார் ஆறே வாரங்களில் அதற்கான இன்ஜினைச் செய்து கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 17-ம் தேதி முதல் பயணம்: 12 விநாடிகள், 120 அடி தூரம். இவ்வளவு துல்லியமாக நமக்கு எப்படித் தெரியும்? ஆர்வில் ரைட் அன்றைக்கே டைரியில் எழுதி வைத்தார். விமானமும் அதன் குறிப்பேடும் ஏறக்குறைய ஒன்றாகவே பிறந்தவை.

1953-ல் பால் போபெரெஸ்னி என்பவர் விஸ்கான்சின் மாநிலத்தில் 'எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் சேர்ந்து பேசவும், ஒருவருக்கொருவர் உதவவும் உருவான சிறிய குழு. இன்று ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் ஆஷ்காஷ் என்ற ஊரில் அந்தச் சங்கம் நடத்தும் விழாவுக்கு, திருவிழாவுக்குக் கூட்டம் சேர்வதைப்போல உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள். ஓரிகான் மாநிலத்தில் இருக்கும் 'வேன்ஸ் ஏர்கிராஃப்ட்' என்ற ஒரே நிறுவனத்தின் கிட்களிலிருந்து மட்டும் 11,000-க்கும் அதிகமான விமானங்கள் கட்டப்பட்டுப் பறந்திருக்கின்றன.

கிட் என்றால், பிரித்து வந்த கட்டிலைப் பூட்டுவதுபோல ஒரு மதியத்தில் முடிகிற வேலை இல்லை. அலுமினியத் தகடுகளும் பல்லாயிரம் ரிவெட்டுகளும் பெட்டி பெட்டியாக வரும். வேலையில் பெரும்பகுதியைக் கட்டுபவரே செய்ய வேண்டும். அதுவும் கற்றுக்கொள்ளவோ, பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே செய்ய வேண்டும். இதைத்தான் '51 சதவிகித விதி' என்று அந்த வட்டாரத்தில் சொல்கிறார்கள். முடிக்கச் சிலருக்கு இரண்டு வருடம் ஆகும், சிலருக்குப் பத்து வருடம்கூட ஆகும்.

முதல் ரிவெட்டிலிருந்தே கணக்கு தொடங்கும்

விமானம் முழுதாகத் தயாரான பிறகு, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.-வின் சார்பில் ஒரு பரிசோதகர் வருவார். இறக்கை மூடியிருக்கும், பெயின்ட் அடித்திருக்கும். உள்ளே இருக்கும் ரிவெட் சரியாக அடிக்கப்பட்டதா என்று அவரால் எப்படிப் பார்க்க முடியும்? 'இதில் பெரும்பகுதியை நீங்கள்தான் கட்டினீர்களா, காசு கொடுத்துக் கட்டச் சொன்னீர்களா?' என்ற கேள்வி வேறு.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: கட்டுமானக் குறிப்பேடு. இன்றைய தேதியில் எந்தப் பாகத்தைச் செய்தேன், எத்தனை மணி நேரம் ஆனது, எந்தப் பக்கத்து வரைபடத்தைப் பின்பற்றினேன், எங்கே தவறு நேர்ந்து எப்படிச் சரிசெய்தேன் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். கூடவே போட்டோ. மூடுவதற்கு முன்னால் இறக்கையின் உள்பக்கம் ஒரு போட்டோ, ஃபியூயல் டேங்க்கை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு போட்டோ. படத்தில் கட்டுபவரின் முகமும் தெரிந்தால் இன்னும் நல்லது என்பது அனுபவசாலிகள் சொல்லும் யோசனை. கையில் ரிவெட் கன்னோடு ஒருவர் நிற்கும் படம் பல பக்க விளக்கத்துக்குச் சமம்.

சங்கத்தில் 'டெக்னிகல் கவுன்சிலர்' என்ற தன்னார்வலர்களும் உண்டு. அனுபவமுள்ள அவர்கள் வீட்டுக்கே வந்து வேலையைப் பார்ப்பார்கள். அவர்கள் என்று வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதும் குறிப்பேட்டில் ஏறும். பிரிட்டனில் இது இன்னும் கறார். அங்கே 'லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்' அமைப்பின் இன்ஸ்பெக்டர் கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும்.

முதல் 40 மணி நேரம்

பரிசோதகர் ஓகே சொல்லிவிட்டார். இனி குடும்பத்தோடு கிளம்பலாமா? அதுதான் இல்லை. முதலில் சோதனைக் காலம். ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற இன்ஜினும் ப்ரொப்பல்லரும் ஜோடியாக இருந்தால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம், குறிப்பிட்ட எல்லைக்குள், ஊர்களின் நெரிசலைத் தவிர்த்துப் பறந்து காட்ட வேண்டும். சும்மா உடன் வரும் பயணிகளுக்கு அந்தக் காலத்தில் அனுமதி இல்லை.

இதுவும் வெறுமனே மணி நேரத்தை ஓட்டிக் கழிக்கும் வேலை இல்லை. எந்த வேகத்தில் விமானம் பிடிமானம் இழக்கிறது, எந்த வேகத்தில் நன்றாக மேலே ஏறுகிறது, அப்போது எடை எவ்வளவு, எடையின் மையம் எங்கே இருந்தது என்றெல்லாம் பறந்து பார்த்து அளந்து எழுத வேண்டும். ஒரே கிட்டில் கட்டிய இரண்டு விமானங்கள்கூட அண்ணன் தம்பி மாதிரி. சாயல் ஒன்றாக இருக்கும், குணம் வேறாக இருக்கும். கம்பெனி தயாரித்த விமானத்துக்குக் கம்பெனியே கையேடு தரும். இதற்கோ, கட்டியவர் எழுதினால்தான் கையேடு.

எடைக் கணக்கு இதில் தனி அத்தியாயம். பின்னால் இருந்த பேட்டரியை முன்னால் மாற்றினாலோ, புது ரேடியோ பொருத்தினாலோ விமானத்தின் எடை மையம் நகரும். தரையில் நமக்கு அது தெரியாது. காற்றில் விமானத்துக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எடைக் கணக்குத் தாளைத் திருத்தி, பழையதை அடித்துவிட்டுத் தேதியோடு புதியதை வைக்கிறார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை ஒரு கையெழுத்து

பறக்கத் தொடங்கிய பிறகு 12 மாதங்களுக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை கட்டாயம். இன்ஜின் மூடி, தரைப் பலகை, சீட் என எல்லாவற்றையும் கழற்றி வைத்து, மூக்கிலிருந்து வால் வரை பார்க்க வேண்டும். கேபிள் தேய்ந்திருக்கிறதா, ஹோஸ் வெடித்திருக்கிறதா, எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் இருக்கிறதா, சக்கரத்தின் பேரிங் சத்தம் போடுகிறதா? பட்டியல் பல பக்கம் நீளும்.

முடிந்ததும் லாக் புக்கில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். தேதி, விமானம் மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது, விதியில் சொன்ன அளவுக்கு முழுமையாகப் பரிசோதித்தேன், பாதுகாப்பாக இயக்கும் நிலையில் இருக்கிறது என்ற உறுதிமொழி, கீழே பெயர், கையெழுத்து, சான்றிதழ் எண். இந்தக் குறிப்பு இல்லையென்றால், விமானம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சட்டப்படி பறக்கக் கூடாது.

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். சாதாரண விமானத்தில் பழுது பார்க்க உரிமம் பெற்ற மெக்கானிக் வேண்டும். கைவேலை விமானத்துக்கு அந்த விதி பொருந்தாது. வருடாந்திரப் பரிசோதனையைத் தவிர மற்ற வேலைகளை அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர்கூட பிரேக்கைக் கழற்றி மாட்டலாம். எவ்வளவு சுதந்திரம் பாருங்கள்! அந்தச் சுதந்திரத்துக்கு ஒரே கடிவாளம், யார் என்ன செய்தார் என்று எழுதி வைப்பது மட்டும்தான்.

வருடாந்திரக் கையெழுத்தைப் போடும் உரிமையை, விமானத்தைக் கட்டியவரே விண்ணப்பித்து வாங்கலாம். ஆனால் அது அவர் கட்டிய அந்த ஒரு விமானத்துக்கு மட்டும். அதே மாடலில் நண்பர் கட்டிய விமானத்துக்குச் செல்லாது. விமானத்தை விற்றாலும் அந்தச் சான்றிதழ் வண்டியோடு போகாது. வாங்கியவர் தகுதியுள்ள வேறொருவரைத் தேட வேண்டும். அப்படி வரும் புது மெக்கானிக் முதலில் கேட்பது, 'லாக் புக் எங்கே?' என்றுதான்.

'பிரேக் பார்த்தாச்சு, ஓகே' என்று எழுதினால் போதுமா?

போதாது. ஓர் உதாரணம் பார்ப்போம். பிரேக்கில் எண்ணெய் கசிந்தது. ஒருவர் இப்படி எழுதுகிறார்: 'பிரேக் சரிசெய்யப்பட்டது.' இன்னொருவர் இப்படி எழுதுகிறார்: 'மார்ச் 14. மொத்தம் 412.6 மணி. இடது பிரேக்கில் கசிவு. பிரித்துப் பார்த்ததில் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அதே எண்ணுள்ள புது வளையம் போடப்பட்டது. காற்று நீக்கி, அழுத்திப் பிடித்துச் சோதித்ததில் கசிவு இல்லை. வலது பிரேக்கும் பார்க்கப்பட்டது, நன்றாக உள்ளது.'

முதல் குறிப்பு, வேலை முடிந்தது என்கிறது. இரண்டாவது குறிப்பு, என்ன கண்டோம், ஏன் நடந்தது, எதைப் போட்டோம், எப்படிச் சோதித்தோம் என்று நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. இரண்டு வருடம் கழித்து அதே பிரேக் மறுபடி கசிந்தால், இரண்டாவது குறிப்புதான் கை கொடுக்கும்.

எண்களின் விஷயத்திலும் இதே கதைதான். இன்ஜின் சிலிண்டருக்கு 80 என்ற அளவில் காற்றழுத்தம் கொடுத்து, உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது வழக்கமான சோதனை. 76 நின்றால் '76/80' என்று எழுதுவார்கள். இப்போது ஒரு சிலிண்டரில் 70 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது நல்லதா, கெட்டதா? அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் 71, 70 என்று இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் 78, 75, 70 என்று இறங்கிக்கொண்டே வந்திருந்தால், உள்ளே ஒரு வால்வு மெள்ள மெள்ளக் கெட்டுக்கொண்டிருக்கலாம். சர்க்கரை அளவை ஒருமுறை மட்டும் பார்த்து டாக்டர் முடிவு சொல்லிவிடுவாரா? பழைய ரிப்போர்ட்டைக் கேட்பார் இல்லையா, அதுபோலத்தான்.

ஆயில் மாற்றும்போதும் இந்தக் கவனம் உண்டு. பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டிப் பிரித்து, உள்ளே இருக்கும் காகித மடிப்பில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்க்கிறார்கள். எதுவும் இல்லையென்றால், 'இல்லை' என்பதையும் எழுதுகிறார்கள். எழுதாமல் விட்டால், பார்த்தும் எதுவும் இல்லையா அல்லது பார்க்கவே இல்லையா என்று பிற்பாடு யாருக்குத் தெரியும்?

இன்னொரு பழக்கம், வீட்டு வேலை செய்கிற எல்லோருக்கும் உதவும். ஒரு நட்டை இறுக்கியதும் அதன் மேலேயும் பக்கத்துத் தகட்டின் மேலேயும் சேர்த்துப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுவார்கள். நட்டு சற்று நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும். வேலையின் நடுவில் போன் வந்து எழுந்து போக நேர்ந்தால், 'இந்த போல்ட் இன்னும் இறுக்கவில்லை' என்று ஒரு சீட்டு எழுதித் தொங்கவிடுவார்கள். திரும்பி வரும்போது ஞாபகத்தை நம்புவதில்லை. இறக்கையின் கட்டுப்பாட்டுக் கேபிள்களைத் திசை மாற்றி இணைத்து, அது தெரியாமல் மேலே கிளம்பி விபத்தான சம்பவங்கள் உண்டு. அதனால் இந்த மாதிரி வேலையை இன்னொரு ஜோடிக் கண்கள் பார்த்து, அவர் பெயரும் குறிப்பில் சேர வேண்டும் என்பது நல்ல கட்டுநர்களின் வழக்கம்.

ஒரு பாடகரின் கடைசி மாலை

இதெல்லாம் சற்று அதிகப்படி என்று தோன்றுகிறவர்களுக்கு, 1997 அக்டோபர் 12-ம் தேதி நடந்ததைச் சொல்ல வேண்டும்.

புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் அனுபவமுள்ள விமானியும்கூட. 2,700 மணி நேரத்துக்கும் அதிகமாகப் பறந்தவர். அந்த வாரம்தான் ஒரு 'லாங்-ஈஸி' விமானம் அவர் கைக்கு வந்திருந்தது. பர்ட் ருட்டான் என்ற மேதை வடிவமைத்தது, ஆனால் வேறொருவர் கட்டியது. டென்வர் வாங்கியது பழைய விமானம்.

வடிவமைப்பாளரின் வரைபடத்தில், ஒரு டேங்க்கிலிருந்து இன்னொரு டேங்க்குக்கு எரிபொருளை மாற்றும் கைப்பிடி விமானியின் கால்களுக்கு இடையே, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. இந்த விமானத்தைக் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதில் தவறில்லை, சட்டப்படி அவர் மாற்றலாம். ஆனால் அந்தக் கைப்பிடியில் எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியீடு இல்லை. எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்களும் பின்னால்தான் இருந்தன. அவற்றிலும் அளவுக்கோடு இல்லை.

கிளம்புவதற்கு முன் எட்டாத அந்தக் கைப்பிடியைப் பற்றி டென்வர் அங்கிருந்த டெக்னீஷியனோடு பேசியிருக்கிறார். பிடித்துத் திருப்ப வசதியாக ஒரு பிளையரை அதில் மாட்டிக்கூடப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் இருக்கும் அளவைப் பார்க்க ஒரு சிறிய கண்ணாடியும் கொடுக்கப்பட்டது. எரிபொருள் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம்தான் பறக்கப் போகிறேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சற்று நேரத்தில் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விமானம் விழுந்தது. அவருக்கு வயது 53.

அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. விரிவாக ஆராய்ந்தது. கைப்பிடியைத் திருப்ப அவர் உடம்பைப் பின்னால் முறுக்கியபோது, கவனம் சிதறி, வலது கால் தன்னையறியாமல் ரட்டர் பெடலை அழுத்தியிருக்கிறது என்பது அதன் முடிவு. எட்டாத இடத்தில் குறியீடு இல்லாமல் வைக்கப்பட்ட கைப்பிடி, அளவுக்கோடு இல்லாத குழாய்கள், புது விமானத்துக்குப் போதிய பயிற்சி இல்லாதது ஆகியவையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

கட்டியவருக்குத் தன் விமானத்தில் எது எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். எத்தனை கோடு ஏறினால் எவ்வளவு எரிபொருள் என்பதும் பழகிய கண்ணுக்குப் புரியும். ஆனால் அந்த அறிவு அவர் தலைக்குள் இருக்கும்வரை, அடுத்தவருக்கு அதனால் பயனில்லை. ஸ்டிக்கராக, கையேடாக, லாக் புக் குறிப்பாக அது விமானத்தோடு சேர்ந்து போக வேண்டும்.

ஆபத்து இரண்டாவது கைக்குத்தான் அதிகம்

டென்வர் சம்பவம் தனி நிகழ்வு அல்ல. கைவேலை விமானங்களின் பாதுகாப்பு பற்றி என்.டி.எஸ்.பி. 2012-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 2011-ம் ஆண்டில் நடந்த விபத்துகளை அது ஒவ்வொன்றாகப் பார்த்தது. விபத்துக்குள்ளான விமானங்களில் பாதிக்கும் மேற்பட்டவை, கட்டியவரிடம் இல்லாமல், வாங்கியவரிடம் இருந்தவை. இன்ஜின் கோளாறும், பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும் முக்கியக் காரணங்கள். கட்டி முடித்த கையோடு எரிபொருள் அமைப்பைச் சோதித்து எழுத வேண்டும், சோதனைப் பறப்பில் கிடைத்த அளவுகளை முறையாகப் பதிவு செய்து அடுத்த உரிமையாளருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற திசையில் அதன் பரிந்துரைகள் இருந்தன.

பழைய விமானம் வாங்குகிறவர்கள் பெயின்ட்டைவிட லாக் புக்கை ஏன் அதிக நேரம் புரட்டுகிறார்கள் என்பது இப்போது புரியும். நடுவில் இரண்டு வருடம் காலியாக இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். எல்லாப் பக்கமும் ஒரே மையில், ஒரே நாளில் எழுதியதுபோல இருந்தால் சந்தேகப்படுவார்கள். லாக் புக் தொலைந்துபோன விமானத்தின் விலை சட்டென்று இறங்கும். அதனால்தான் பலர் லாக் புக்கை விமானத்திலேயே வைப்பதில்லை. விமானத்துக்கு ஏதாவது ஆனால் அதன் வரலாறும் சேர்ந்து போய்விடக் கூடாதே! ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து இன்னோர் இடத்திலும் சேமிக்கிறார்கள்.

எந்தத் துண்டு எந்தப் பெட்டியில் வந்தது?

சமீபத்திய உதாரணம் ஒன்று. முன்னே சொன்ன வேன்ஸ் நிறுவனம், தேவை கூடியதால் சில அலுமினிய பாகங்களின் துளைகளை லேசரால் வெட்டச் செய்தது. அப்படி வெட்டிய சில துளைகளில், ரிவெட்டுக்காகக் குழிவு போடும்போது விரிசல் வருவதை 2023-ல் கட்டுநர்கள் கவனித்தார்கள். நிறுவனம் சோதனைகள் நடத்தி, எந்தெந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று பட்டியலிட்டது. பொருளாதாரச் சுமை கூடி, அந்த ஆண்டு டிசம்பரில் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பும் கோரியது.

உலகம் முழுக்கப் பாதி கட்டிய விமானங்களோடு நின்றிருந்தவர்கள் முன்னால் அப்போது ஒரே கேள்விதான்: 'என் இறக்கைக்குள் இருப்பது லேசர் துண்டா, பழைய முறையில் துளையிட்ட துண்டா?' பெட்டி வந்த தேதி, பேக்கிங் சீட்டு, எந்தத் துண்டை எங்கே பொருத்தினேன் என்ற குறிப்பு, மூடும் முன் எடுத்த போட்டோ எல்லாம் வைத்திருந்தவர்கள், எந்தெந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். இல்லாதவர்களுக்கு ரிவெட்டைப் பிடுங்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தியர்களும் கட்டியிருக்கிறார்கள்!

மும்பையில் கேப்டன் அமோல் யாதவ் என்ற விமானி, தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு சீட் விமானம் ஒன்றைக் கட்டினார். 2016-ல் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்த விமானம், நாடு முழுக்கப் பேசப்பட்டது. பதிவு எண் கிடைத்தது 2017-ல். அதற்காக அவர் வருடக்கணக்கில் ஃபைலும் கையுமாக அலைய வேண்டியிருந்தது. உலோகத்தை வளைப்பதைவிடக் காகிதத்தை நகர்த்துவது கடினமாக இருந்த கதை அது.

பிரிட்டனில் வசிக்கும் கேரளத்தைச் சேர்ந்த இன்ஜினீயர் ஒருவர், தென்னாப்பிரிக்காவில் தயாராகும் நான்கு சீட் கிட் ஒன்றை வாங்கி, லாக்டவுன் காலத்தில் தோட்டத்து ஷெட்டில் கட்டி முடித்து 2022-ல் பறந்தார். மகளின் பெயரையே விமானத்தின் பதிவு அடையாளமாகவும் வைத்தார். பிள்ளைகளோடு அந்தக் குடும்பம் ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்த செய்தியை நம் பத்திரிகைகளும் கொண்டாடின. மேலே சொன்ன கட்டம் கட்டமான பரிசோதனையும் கையெழுத்தும்தான் அந்தப் பயணங்களுக்கு அடித்தளம்.

நம் வீட்டுக்கும் ஒரு லாக் புக்

நம்மில் பெரும்பாலானவர்கள் விமானம் கட்டப் போவதில்லை. ஆனால் இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒரு 80 பக்க நோட்டு போதும்.

* தேதியும் மீட்டரும் சேர்ந்து: பைக் சர்வீஸ் என்றால் தேதியோடு கிலோமீட்டரையும் எழுதுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிய தேதி, வாட்டர் ஃபில்டர் மாற்றிய தேதியையும் சேருங்கள்.

* காலாவதி உள்ளவற்றுக்குத் தனிப் பக்கம்: அடுப்புக்குப் போகும் கேஸ் ஹோஸின் மேலேயே தேதி இருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று இப்போது சொல்ல முடிகிறதா?

* மூடுவதற்கு முன் போட்டோ: வீடு கட்டுகிறவர்கள் சுவர் பூசுவதற்கு முன் வயரும் பைப்பும் போகும் வழியைப் போட்டோ எடுத்து வையுங்கள். நாளை ஆணி அடிக்கும்போது உதவும்.

* 'ஓகே' என்று மட்டும் எழுதாதீர்கள்: மெக்கானிக்கிடம் என்ன பிரச்னை, எந்தப் பாகம் மாற்றினார் என்று கேட்டு ஒரு வரி எழுதுங்கள். பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

* அளவுகளை வரிசையாக: அப்பா, அம்மாவின் ரத்த அழுத்தம், சர்க்கரை அளவுகளை ஒரே பக்கத்தில் தேதி வரிசைப்படி எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பக்கத்தை நீட்டினால் போதும்.

* அடுத்தவருக்குப் புரியும்படி: மோட்டாரை எந்த ஸ்விட்ச்சில் போடுவது, மெயின் வால்வு எங்கே, பேங்க் லாக்கர் சாவி எங்கே? வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை எழுதி, நோட்டு இருக்கும் இடத்தை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அமெரிக்க விமானத்துறையில் 50 ஆண்டுகள் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர்களுக்கு எஃப்.ஏ.ஏ. ஒரு விருது தருகிறது. அதன் பெயர், ரைட் சகோதரர்களுக்கு இன்ஜின் செய்து கொடுத்த சார்லி டெய்லரின் பெயர். உலகம் விமானியின் பெயரைத்தான் முதலில் சொல்லும். கையில் கிரீஸோடு நின்று, தேதி போட்டு, கண்டதைக் கண்டபடி எழுதிக் கையெழுத்திட்டவர்களையும் நினைவில் வைத்திருக்கிறது அந்த விருது.